பயணியின் படம்: காட்சியும் சாட்சியும்

நுழையும்முன்

பயணம் சென்று திரும்புவோர் இன்று தம்முடன் மிகுதியாகக் கொண்டுவருவன ஒளிப்படங்களே. திறன்பேசியில் எடுத்த படம் அடுத்த நொடியே உற்றார்க்கும் நண்பர்க்கும் சென்று சேர்கிறது. அவ்வாறு பகிரப்படும் படம் பார்த்து மகிழ்வதற்கு மட்டுமே உரியதா? ஆசிய நாடுகளில் பயணிகள் எடுத்த படங்கள், பிற்காலத்தில் அழிந்த சிலையை அளந்தறியவும் உருகிய பனியாற்றின் அளவை ஒப்பிடவும் உதவியுள்ளன. வேறு சில படங்களோ எடுக்கப்பட்ட இடத்திற்கே துன்பமாக முடிந்துள்ளன. கண்ணுக்கு இனிய காட்சி, பிறர் நம்பத்தக்க சாட்சியாவது எப்போது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சொல்லால் வரைந்த காட்சி

பயணத்தில் கண்டதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கம், ஒளிப்படக் கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. சீனத் துறவி யுவான் சுவாங், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவிற்கு வந்தார். வரும் வழியில், ஏறத்தாழ 630ஆம் ஆண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பாமியான் பள்ளத்தாக்கைக் கண்டார். அங்கே மலைச்சரிவில் நின்றிருந்த மாபெரும் புத்தர் உருவங்களைப் பற்றியும் அவற்றின் பொன்னிற ஒளியைப் பற்றியும் எழுதிவைத்தார். திராவிட நாட்டையும் அதன் தலைநகரான காஞ்சிபுரத்தையும் குறித்த செய்திகள் அவருடைய நூலில் உள்ளன.

யுவான் சுவாங் தம் வியப்பை மட்டும் பதிவு செய்யவில்லை. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எத்திசையில், எத்தனைத் தொலைவில் உள்ளது என்பதைக் குறித்தார். நிலத்தின் வளம், மக்களின் இயல்பு, மடங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் முறையாக எழுதினார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காம் வட இந்தியாவின் பழம்பெரும் பௌத்தத் தலங்கள் பலவற்றை அடையாளம் காண அக்குறிப்புகளே வழிகாட்டின.

எனினும் சொல்லால் வரையும் காட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. பாமியானின் இரு பேருருவங்களுள் சிறியதை உலோகத்தால் வார்க்கப்பட்டது என்று யுவான் சுவாங் குறித்தார். உண்மையில் அது மலைப்பாறையிலேயே குடைந்து உருவாக்கப்பட்டது. தொலைவில் நின்று கண்டவரின் கண், மேற்பூச்சின் ஒளியை உலோகம் என்று கருதியிருக்கலாம். கண்ட பொருளை உள்ளவாறே காட்டவல்ல கருவி ஒன்று பயணியின் கைக்கு வருவதற்கு 19ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒளியால் எழுதிய பதிவு

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அலுவலரான லின்னேயஸ் டிரைப், 1855ஆம் ஆண்டில் பர்மாவிற்குச் சென்ற தூதுக்குழுவுடன் ஒளிப்படக் கலைஞராகச் சென்றார். மிண்டோன் மன்னரின் தலைநகராக விளங்கிய அமரபுரத்தின் கோவில்களையும் மரக் கட்டடங்களையும் படமெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தலைநகர் மண்டலேக்கு மாற்றப்பட்டது. அரண்மனையின் மரக் கட்டடங்களும் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. இடம்பெயர்வதற்கு முந்தைய அமரபுரத்தை இன்று நாம் காண அப்படங்கள் துணைசெய்கின்றன.

பின்னர்ச் சென்னை மாகாணத்தின் ஒளிப்படக் கலைஞராகப் பொறுப்பேற்ற டிரைப், மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய ஊர்களில் படங்கள் எடுத்தார். 1858ஆம் ஆண்டில், தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிகளை அடுத்தடுத்துப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள தொடர்படமாக ஆக்கினார். கோவிலின் வானளாவிய விமானத்தைக் கண்டு வியந்து நின்றுவிடாமல், அதன் காலடியில் உள்ள எழுத்துகளையும் பதிவு செய்யவேண்டும் எனக் கருதியது அவரது தொலைநோக்கைக் காட்டுகிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் தாம்சன் 1866ஆம் ஆண்டில் கம்போடியாவின் அங்கோர் வாட் கோவிலைப் படமெடுத்தார். அக்கோவிலின் மிகப் பழைய ஒளிப்படங்களுள் அவை அடங்கும். அன்று படமெடுப்பது எளிய செயலன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசவேண்டும். அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்கவேண்டும். ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்திற்குள் சென்று உருத்துலக்கவேண்டும். கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள்கள், கூடாரம் ஆகிய அனைத்தையும் ஆட்கள் சுமந்துசென்றனர். இத்துணை உழைப்பைக் கோரிய கலையில், எதனைப் படமெடுப்பது என்னும் தேர்வும் மிகுந்த கவனத்துடன் நிகழ்ந்தது.

தாம்சன் பின்னர்ச் சீனாவில் பயணம் செய்து எடுத்த படங்களுள் 200 படங்கள், 1873, 1874ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. படங்களுடன் அவற்றை விளக்கும் கட்டுரைகளையும் அவர் சேர்த்தே வழங்கினார். படமும் சொல்லும் ஒன்றற்கொன்று துணைநிற்கும் பயணநூலுக்கு அது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இதே காலத்தில் ஜப்பானின் யோக்கோகாமா துறைமுகநகரில் வேறொரு வழக்கமும் வளர்ந்தது. பெலிஸ் பியாட்டோ முதலிய கலைஞர்கள், மாதிரிகளைப் படப்பிடிப்புக் கூடத்தில் நிறுத்தி, உடையும் பொருளும் அமைத்துப் படமெடுத்தனர். அப்படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டி வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்றனர். கைத்திறத்தில் அவை சிறந்தவை. ஆயினும், மேலைநாட்டார் எந்த ஜப்பானைக் காண விரும்பினரோ அந்த ஜப்பானே அவற்றுள் பலவற்றில் அமைத்துக் காட்டப்பட்டது. ஒளிப்படம் என்பதனாலேயே அது உண்மையைக் கூறும் என்று கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இப்படங்களே சான்று.

> தெரியுமா?
> கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு பிறந்த ஏ.கே. செட்டியார், தமிழ்ப் பயண இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று அறியப்பட்டவர். பல நாடுகளுக்குச் சென்று படச்சுருள்களைத் தேடித் திரட்டிக் காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940ஆம் ஆண்டில் வெளியிட்டார். ‘குமரி மலர்’ இதழை நடத்தியதுடன், பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். தம்மை முன்னிறுத்தாமல், கண்டவற்றைச் சுருங்கச் சொல்லும் எளிய நடை அவருடையது.

அழிந்ததை அளந்த படங்கள்

யுவான் சுவாங் கண்ட பாமியான் புத்தர் உருவங்கள் ஏறத்தாழ 55 மீட்டரும் 38 மீட்டரும் உயரமுடையவை. மலையோடு மலையாக நின்ற அவை 2001ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அந்நாட்டை அப்போது ஆண்ட தாலிபான்களால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. எஞ்சியவை பாறைக்குடைவுகளும் உடைந்த கற்குவியல்களுமே.

அதன் பின்னர்ச் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பெரிய உருவத்தைக் கணினியில் மீட்டுருவாக்கம் செய்ய முனைந்தனர். அவர்களுக்குக் கிடைத்த சான்றுகள் ஒளிப்படங்களே. அவை மூவகைப்பட்டன: இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணி எடுத்த படங்கள், 1970ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரைச் சேர்ந்த பேராசிரியர் கோஸ்ட்கா அளவைக் கருவியால் எடுத்த படங்கள்.

ஒளிப்படத்தைக்கொண்டு உருவத்தை அளக்கும் இக்கலை ‘ஒளிப்பட அளவையியல்’ எனப்படும். அதன் அடிப்படை நாம் நாள்தோறும் உணர்வதுதான். நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்வேறுபாட்டைக்கொண்டு மூளை பொருளின் தொலைவை உணர்கிறது. அதுபோலவே, ஒரு சிலையின் மடிப்பொன்றை இருவேறு இடங்களில் நின்று எடுத்த படங்களில் அடையாளம் காணமுடிந்தால், முக்கோணக் கணக்கின் வழியாக அம்மடிப்பு இருந்த இடத்தைக் கண்டறியலாம். இவ்வாறு ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் கண்டறிந்து இணைக்கும்போது சிலையின் முழுவடிவம் கிடைக்கிறது. பாமியான் உருவமும் இம்முறையில் கணினியில் உருப்பெற்றது. அதனைக்கொண்டு 200இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியும் செய்யப்பட்டது.

இவ்வாய்வு உணர்த்திய மற்றொரு செய்தி மிக முதன்மையானது. மூவகைப் படங்களும் ஒரே மதிப்புடையனவாக இல்லை. இணையப் படங்கள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவிகளால் எடுக்கப்பட்டவை. சிறிய அளவினவாகச் சுருக்கப்பட்டவை. எக்கருவியால் எடுக்கப்பட்டன என்னும் விவரமும் அற்றவை. அவற்றிலிருந்தும் உருவத்தை மீட்க முடிந்தது. ஆயினும் நுட்பம் குறைந்தது. கருவியின் இயல்பு அறியப்பட்ட 1970ஆம் ஆண்டுப் படங்களே ஆடை மடிப்புகளைக்கூடத் துல்லியமாகக் காட்டின. படத்தைப் பற்றிய குறிப்பு எந்த அளவிற்கு உள்ளதோ அந்த அளவிற்கே அது சான்றாகப் பயன்படும் என்பதைப் பாமியான் நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே இடம், இரு காலங்கள்

1921ஆம் ஆண்டில் எவரெஸ்டு மலைக்கு வழிகாணச் சென்ற பிரித்தானியக் குழுவில் ஜார்ஜ் மல்லோரி இடம்பெற்றிருந்தார். திபெத்துப் பகுதியில் உள்ள ரோங்புக் பனியாற்றை அவர் படமெடுத்தார். மலையேறுவதற்கு வழி தேடியவரின் பதிவு அது. 2007ஆம் ஆண்டில் மலையேற்றக் கலைஞர் டேவிட் பிரஷியர்ஸ், மல்லோரி நின்ற அதே இடத்தைத் தேடிக் கண்டறிந்து, அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்தார். இரு படங்களையும் அருகருகே வைத்துக் காண்போர்க்கு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. முதற்படத்தில் பள்ளத்தாக்கை நிறைத்துக் கிடந்த பனிப்பரப்பு, இரண்டாம் படத்தில் பெரிதும் தாழ்ந்து சுருங்கிக் காணப்படுகிறது.

எங்கே நின்று, எப்போது எடுக்கப்பட்டது என்பது தெரிந்திருந்தமையால்தான் முதற்படம் 86 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒப்பீட்டுக்கு உதவியது. ஆண்டும் இடமும் அறியப்படாத பனிமலைப் படம், எத்துணை அழகுடையதாயினும், இப்பணியைச் செய்திருக்க இயலாது.

பகிர்வு சுமையாகும்போது

படம் இடத்தைக் காக்க உதவுவதுபோல, இடத்தை நலிவுறச் செய்வதும் உண்டு. தாய்லாந்தின் பிபி லே தீவில் உள்ள மாயா விரிகுடா, 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படத்தால் உலகப்புகழ் பெற்றது. அதே காட்சியைத் தாமும் படமெடுக்க விரும்பி நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். படகுகளின் நங்கூரங்களாலும் மக்கள் நெருக்கத்தாலும் பவளப்பாறைகள் சிதைந்தன. தாய்லாந்து அரசு 2018ஆம் ஆண்டு சூன் மாதம் அவ்விரிகுடாவை மூடியது. 2022ஆம் ஆண்டு சனவரியில்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தது. மனித நடமாட்டம் நின்ற இடைவெளியில் கருந்துடுப்புச் சுறாக்கள் அவ்விரிகுடாவிற்குத் திரும்பின.

ஜப்பானின் புஜிகவாகுச்சிகோ நகரில் ஒரு சிறிய கடையின் பின்னணியில் புஜி மலை எழிலுடன் தோன்றும் இடம் ஒன்று உண்டு. அப்படம் இணையத்தில் பரவியபின், சாலையைக் கண்டபடி கடப்பதும் குப்பைகளை வீசுவதும் பெருகின. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நகர நிருவாகம் 2.5 மீட்டர் உயரமும் 20 மீட்டர் நீளமும் உள்ள கருந்திரையைக் கட்டி அக்காட்சியையே மறைத்தது. உள்ளூரார் தம் மலையைத் தாமே திரையிட்டு மறைக்கும் நிலை வந்ததை எண்ணிப்பார்க்க வேண்டும். கியோட்டோ நகரின் கியோன் பகுதியிலோ, மரபுக் கலைமகளிரை வழிமறித்துப் படமெடுக்கும் தொல்லை பெருகியது. அதனால் தனியார்க்குரிய தெருக்களில் படமெடுப்பது தடைசெய்யப்பட்டு, மீறுவோர் 10,000 யென் செலுத்தவேண்டும் என்னும் அறிவிப்பு வைக்கப்பட்டது.

லாவோசு நாட்டின் லுவாங் பிரபாங் நகரில் நாள்தோறும் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகச் சென்று அன்னம் ஏற்கின்றனர். ஊரார் சாலையோரத்தில் அமர்ந்து அமைதியாகச் சோறிடுகின்றனர். அது வழிபாடு, காட்சிக்காக நிகழ்த்தப்படுவதன்று. ஆகவே, விலகி நின்று காணுங்கள், ஒளிவீச்சு விளக்கைப் பயன்படுத்தாதீர்கள் என்று பயணிகளை அறிவிப்புகள் வேண்டுகின்றன. நம் வீட்டு வாசலில் அயலார் ஒருவர் வந்து, நம் பாட்டி கோலமிடுவதை முகத்தருகே கருவியை நீட்டிப் படமெடுத்தால் நாம் எவ்வாறு உணர்வோம்? அவ்வுணர்வே பிறநாட்டில் நமக்கு வழிகாட்டத்தக்க அளவுகோலாகும்.

குறிப்பெழுதும் முறை

அங்கோர் வாட்டில் எடுத்த படம் ஒன்றைப் பகிர்வதாகக் கொள்வோம். ‘மறக்கமுடியாத காலைப்பொழுது!’ என்று எழுதினால், பார்ப்பவர் நம் மகிழ்ச்சியை மட்டுமே அறிவார். அதனைப் பின்வருமாறு எழுதிப் பார்க்கலாம்:

*அங்கோர் வாட், கம்போடியா. மார்ச்சு மாதம், காலை ஆறு மணி அளவில், மேற்கு முகப்பின் உட்புறக் குளக்கரையிலிருந்து எடுத்தது. கோவில் மேற்கு நோக்கி அமைந்துள்ளது. ஆகவே சூரியன் கோபுரங்களின் பின்னிருந்து எழுகிறது. முகப்பு இருண்டு தெரிகிறது. குளக்கரையில் என்னைச் சுற்றிப் பலர் நெருக்கி நின்றிருந்தனர். அவர்கள் விழாதவாறு கருவியை உயர்த்திப் பிடித்தேன்.*

இக்குறிப்பில் அணியோ உவமையோ இல்லை. இடம், காலம், திசை, காரணம் ஆகிய நான்கும் உள்ளன. படத்தில் இடம்பெறாதது எது என்பதும் கூறப்பட்டுள்ளது. தனிமையின் அமைதி தவழ்வதாகத் தோன்றும் படம், உண்மையில் பெருங்கூட்டத்தின் நடுவே எடுக்கப்பட்டது என்பதை இறுதித் தொடர்கள் தெளிவாக்குகின்றன. இதனை நம்பி அங்கே செல்பவர் ஏமாற்றம் அடையமாட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் பார்ப்பவர்க்கும் இது ஒரு வரலாற்றுக் குறிப்பாகும்.

திறன்பேசியில் எடுக்கும் படக்கோப்பில் நாள், நேரம், கருவியின் விவரம் ஆகியன தாமாகவே பதிவாகின்றன. இடக்குறியீட்டு வசதி இயக்கத்தில் இருந்தால் இடமும் பதிவாகும். ஆயினும், பல செயலிகள் படத்தைப் பகிரும்போது இவ்விவரங்களை நீக்கிவிடுகின்றன. படத்தின் அளவையும் சுருக்கிவிடுகின்றன. எனவே மூலப்படத்தைத் தனியே சேமித்துவைப்பதும், குறிப்பை நாமே எழுதிவைப்பதும் தேவையாகின்றன.

எல்லாவற்றையும் வெளியிடுவதே நேர்மை என்று கருதவேண்டியதில்லை. அரிய விலங்கு அல்லது பறவையின் படத்தைப் பகிரும்போது, அது வாழும் இடத்தைத் துல்லியமாகக் கூறினால் வேட்டையாடுவோர்க்கு வழிகாட்டியதாகிவிடும். குழந்தைகளின் படங்களைப் பெற்றோர் இசைவின்றி வெளியிடுதல் தகாது. நாம் தங்கியுள்ள இடத்தை அங்கிருக்கும்போதே அறிவிப்பது நம் பாதுகாப்பிற்கும் ஊறு விளைவிக்கும். எதைச் சொல்வது, எதைத் தவிர்ப்பது என்பதைப் பகுத்தறியும் பொறுப்பு பகிர்பவருக்கே உரியது.

நிறைவாக

யுவான் சுவாங்கிடம் எழுதுகோலும், டிரைப்பிடமும் தாம்சனிடமும் சுமக்கவியலாத பெருங்கருவிகளும் இருந்தன. நம்மிடம் இரண்டின் ஆற்றலும் உள்ளங்கையில் அடங்கியுள்ளன. கண்ட பொருளின்மீது கொண்ட அக்கறையே அவர்களின் பதிவுகளைக் காலம் கடந்து வாழச்செய்தது. பாமியானைச் சுற்றிப்பார்க்க வந்து படமெடுத்தவர், அச்சிலை ஒருநாள் இல்லாமற்போகும் என்று எண்ணியிருக்கமாட்டார். இன்று நாம் எடுக்கும் கோவில், குளம், கடைத்தெரு, கடற்கரை ஆகியவற்றின் படங்களுள் எது நாளை அவற்றின் கடைசிச் சான்றாக எஞ்சும் என்பதை நாமும் அறியோம். எனவே ஒவ்வொரு படத்தையும் அவ்வாறே எண்ணி, உரிய குறிப்புடனும் உள்ளூராரின் இசைவுடனும் பகிர்வோம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைமையான கட்டடம், நீர்நிலை, மரம் ஆகியவற்றுள் ஒன்றைப் படமெடுத்து, இடம், நாள், நேரம், திசை ஆகியவற்றுடன் ஐந்து தொடர்களில் குறிப்பெழுதுக.
2. வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பெரியவர்களிடம் காட்டி, அதில் உள்ள இடமும் மனிதர்களும் பற்றிக் கேட்டறிந்து எழுதுக. இயலுமாயின் அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுத்து இரண்டையும் ஒப்பிடுக.
3. ‘சுற்றுலாத் தலங்களில் படமெடுக்கக் கட்டுப்பாடு தேவை / தேவையில்லை’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டு வரிகளைத் தொடர்படமாக ஆக்கியவர்
அ) ஜான் தாம்சன் ஆ) பெலிஸ் பியாட்டோ இ) லின்னேயஸ் டிரைப் ஈ) டேவிட் பிரஷியர்ஸ்

குறுவினா

1. ஒளிப்பட அளவையியல் என்றால் என்ன?
2. மாயா விரிகுடா மூடப்பட்டதன் காரணம் யாது?

சிறுவினா

1. பாமியான் ஆய்வில் மூவகைப் படங்களின் மதிப்பும் வேறுபட்டது ஏன்? விளக்குக.
2. யோக்கோகாமா ஒளிப்படங்களையும் ஜான் தாம்சனின் சீனப் படத்தொகுதிகளையும் ஒப்பிடுக.

நெடுவினா

1. ‘குறிப்புள்ள படமே சாட்சியாகும்’ என்னும் கருத்தைப் பாடத்தில் வரும் சான்றுகளுடன் நிறுவுக.